எச்பி 12 இருந்தால் உடம்புக்கு ஒன்றும் இல்லையா?

தொப்பூர்க்காரி

எனக்கு 34 வயது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. ராத்திரி படுத்தால் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை, உதறிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. சொல்லவே கூச்சமான விஷயம் ஒன்று உண்டு. பச்சரிசியைப் பார்த்தால் வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடிவதில்லை. அரிசி புடைக்க உட்கார்ந்தால் முறத்தில் பாதி காலியாகிவிடுகிறது.

தருமபுரியில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். எச்பி, அதாவது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், 12.1 வந்தது. "நார்மல்தான்மா, டென்ஷனைக் குறைச்சுக்கோ" என்று பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். அரிசி தின்பதைச் சொன்னேன், சிரித்தார். அப்புறம் நானே லேபுக்குப் போய், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பார்த்தேன். 6 என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே இரும்புச்சத்துக் குறைபாடு. ரிப்போர்ட்டை அதே டாக்டரிடம் காட்டினால், "பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றால் அது குறைபாடு இல்லை என்று ஆகிவிடுமா? நம் பக்கத்து டாக்டர்களைக் காது கொடுத்துக் கேட்க வைப்பதற்கு நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

ஓ.பி.சீட்டு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டராக இருக்கிறேன். அவர் சிரித்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் டாக்டர்கள் காது கொடுப்பதில்லை என்று ஒரே அடியாகச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் வந்து உட்கார்ந்து பாருங்கள். வரிசையில் நிற்கும் பெண்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அசதியா இருக்குதுங்க சார், கை கால் ஓய்ஞ்சு போகுது." அசதிக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம், சர்க்கரை, பி12, சரியான தூக்கம் இல்லாதது, மனச்சோர்வு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். விடிகாலை பூப்பறிக்கப் போய்விட்டு வந்து, சமைத்து, மறுபடி வேலைக்குப் போகிறவருக்கு வெறும் உழைப்பாகவும் இருக்கலாம். எங்களிடம் எச்பி பார்க்க வசதி உண்டு, பார்க்கிறோம். ஃபெரிட்டின் கிடையாது.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது எச்பியிலேயே தெரிகிறவர்கள் பாதிக்கு மேல். எச்பி 7 வைத்துக்கொண்டு நிற்கிறவரைக் கவனிப்பேனா, 12.1 இருப்பவரை ஃபெரிட்டின் எடுக்க வெளியே அனுப்புவேனா?

லேப்_அண்ணன்

டாக்டர் சொல்லும் நெருக்கடி உண்மைதான். பாலக்கோட்டில் லேப் வைத்திருக்கிறேன், நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள் டாக்டர். எச்பி குறைவது கடைசிக் கட்டம். குதிரில் இருக்கிற தானியம் தீர்ந்த பிறகுதான் அடுப்படியில் பஞ்சம் தெரியும், அந்த மாதிரி. முதலில் ஃபெரிட்டின் கரைகிறது. அப்புறம் புதிதாக உருவாகும் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகின்றன. எச்பி 12-க்குக் கீழே இறங்குவது அதற்கும் பிறகு.

சிறுத்துப் போவது தெரிய ஃபெரிட்டின்கூட வேண்டாம். சி.பி.சி. என்ற முழு ரத்த அணுச் சோதனை எடுத்தால் அந்தச் சீட்டிலேயே எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு), எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் சராசரியாக இருக்கும் எச்பி), ஆர்.டி.டபிள்யூ. (சிவப்பணுக்கள் அளவில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது) எல்லாம் அச்சாகி வருகிறது, தனிக் காசு இல்லை. எம்.சி.வி. 80-க்குக் கீழே இருந்து ஆர்.டி.டபிள்யூ. ஏறியிருந்தால் இரும்பு குறைகிறது என்று சந்தேகப்படலாம். நிறையப் பேர் எச்பி வரியைப் பார்த்ததும் சீட்டை மடித்துவிடுகிறார்கள்.

தொப்பூர் அக்கா, உங்கள் சீட்டில் எம்.சி.வி. எவ்வளவு என்று பாருங்கள்.

பர்கூர்_பையன்

ஆரம்பித்துவிட்டார்கள். லேப்காரர் டெஸ்ட் எடுக்கச் சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? இப்போது எங்கே பார்த்தாலும் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ், அதில் வைட்டமின் டி குறைவு, பி12 குறைவு, ஃபெரிட்டின் குறைவு என்று எல்லாருக்கும் ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் வந்துவிடும். அதைக் காட்டி ஆயிரக்கணக்கில் ஊசி போடுகிறார்கள். டாக்டர் ஒருவர் "ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போ" என்று சொன்னால் அவரைக் கும்பிட வேண்டிய காலம் இது.

இன்னொன்று. எச்பி சரியாக இருந்து, ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த, களைப்பு என்று சொன்ன 198 பெண்களை வைத்து பிரான்ஸில் ஆய்வு நடத்தி 2012-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு 12 வாரம் இரும்பு மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே களைப்பு 29 சதவீதம் குறைந்தது! யாராவது அக்கறையாக நாலு வார்த்தை கேட்டாலே பாதி அசதி போய்விடும் என்றுதானே அர்த்தம்?

தொப்பூர்க்காரி

தம்பி, அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். இரும்பு சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய 48 சதவீதம் குறைந்தது. 29-க்கும் 48-க்கும் நடுவில் இருப்பதுதான் இரும்பு செய்த வேலை. அக்கறையாகக் கேட்டால் பாதி அசதி போகும் என்றால் அதையாவது செய்திருக்கலாமே, எனக்கு அதுவும் நடக்கவில்லை.

லேப் அண்ணா, எம்.சி.வி. 77. சீட்டிலேயே ஓரத்தில் குறி போட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

களி_உருண்டை

எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் அம்மா காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களி, தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, இதைச் சாப்பிட்டுக்கொண்டு பென்னாகரம் காட்டில் நாள் முழுக்கக் களை வெட்டினார். ஃபெரிட்டினும் தெரியாது, ஒன்றும் தெரியாது. இட்லிக்கும் பரோட்டாவுக்கும் மாறினீர்கள், இப்போது டாக்டரைக் குறை சொல்கிறீர்கள்.

லேப்_அண்ணன்

ஐயா, களியை நானும் விடமாட்டேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் கேழ்வரகில் இரும்பு சுமார் 4.6 மில்லிகிராம், முருங்கைக்கீரையிலும் ஏறக்குறைய அதே அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. தானியத்திலும் கீரையிலும் இருக்கிற இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிது. கேழ்வரகில் இருக்கும் பைட்டேட் என்ற பொருளும் சுண்ணாம்புச்சத்தும் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இன்னும் மோசம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் கூடும். குறையாமல் பார்த்துக்கொள்ள இந்தச் சாப்பாடு உதவும். ஃபெரிட்டின் 6-க்கு வந்தவரைக் களி மட்டும் மேலே தூக்காது.

உங்கள் அம்மாவுக்கு அசதி இல்லை என்று யார் சொன்னது ஐயா? அவரை யாராவது கேட்டார்களா?

களி_உருண்டை

அது சரி. கேட்டதில்லை. அடுப்புச் சாம்பலைத் தொட்டு நாக்கில் வைப்பார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சூளகிரி_ரோஜா

அரிசி, சாம்பல், பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு, திருநீறு. ஓசூர் லேடீஸ் ஹாஸ்டலில் என்னோடு இருந்த பெண்கள் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். ஒருத்தி ஃப்ரிட்ஜில் இருந்து ஐஸை எடுத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள். சின்ன வயதுப் பழக்கம், கெட்ட பழக்கம் என்றுதான் வீட்டில் அடிப்பார்கள். இரும்பு குறைந்தால் வருகிற அறிகுறி இது என்று பள்ளிக்கூடத்தில்கூட யாரும் சொன்னதில்லை.

ஓ.பி.சீட்டு

'அசதி' எதற்கு வேண்டுமானாலும் வரும். 'அரிசி தின்கிறேன்' என்பது அப்படி இல்லை. உண்ணாததை உண்ணத் தோன்றுவதும், குறிப்பாக ஐஸ் கடிப்பதும், இரும்புக் குறைவை நேராகக் காட்டுகிற அறிகுறிகள். கால் உதறுவது, வாயோரம் வெடிப்பது, நகம் குழிவது, நாக்கு வழவழப்பாவது இவையும் சேரும். ஓ.பி.யில் நமக்குக் கிடைக்கிற நேரத்தில் அசதியை மட்டும் சொன்னால் பி காம்ப்ளெக்ஸ்தான் கிடைக்கும். இந்த மாதிரி அறிகுறியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் நான் பயப்படுவது வேறு. இந்தப் பேச்சைப் படித்துவிட்டு நாளைக்கே மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்கப்போகிறவர்கள் இருப்பார்கள். எம்.சி.வி. குறைந்தால் அது இரும்புக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு ஒன்று மட்டும் இருப்பவர்களுக்கும் சிவப்பணு சிறுத்துத்தான் இருக்கும், ஃபெரிட்டின் சாதாரணமாக இருக்கும். அவர்களுக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுப்பதில் பயன் இல்லை. எம்.சி.வி. குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் கூடுதலாக இருந்தால் எச்பியின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற சோதனை வேண்டும். கல்யாணத்துக்கு முன் அது தெரிந்திருந்தால் பிறக்கப்போகிற குழந்தைக்கும் நல்லது.

இன்னொரு பக்கம், ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கோ கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப் புண், மூலம், வலி மாத்திரை, கொக்கிப்புழு, குடல் புற்றுநோய் வரைக்கும் தேட வேண்டும். 55 வயது ஆளுக்குச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது ஆபத்து.

தொப்பூர்க்காரி

டாக்டர், நீங்கள் சொன்னதை நீங்களே ஒரு தரம் படித்துப் பாருங்கள். ஆணுக்கு இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று கேமரா விட்டுத் தேடுகிறீர்கள். பெண்ணுக்கு எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்பதே இல்லை. எனக்கு மாதம் எட்டு நாள் போகிறது. கட்டி கட்டியாகப் போகிறது. அந்தக் கிளினிக்கில் ஒரு கேள்விகூட இல்லை.

ஓ.பி.சீட்டு

நீங்கள் சொன்னீர்களா?

தொப்பூர்க்காரி

இல்லை. பக்கத்தில் அடுத்த டோக்கன்காரர் நின்றுகொண்டிருந்தார், ஆம்பளை. கதவு திறந்தே இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்பது யார் வேலை?

கிராமத்து_சிஸ்டர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. அரூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். டாக்டர் சார் சொல்வதும் சரி, அக்கா சொல்வதும் சரி என்று நழுவ மாட்டேன். அக்கா பக்கம்தான் நான்.

நம் ஊரில் ஒரு பெண் கர்ப்பமானால் ஆளாளுக்குக் கவனிப்போம். ஒவ்வொரு தடவையும் எச்பி, தினம் ஒரு இரும்பு மாத்திரை வீதம் 180 நாள், ரொம்பக் குறைந்தால் பி.எச்.சி.யிலேயே அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசி, எல்லாம் உண்டு. பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் கவனமெல்லாம் பிள்ளைமேல் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண்ணுக்கு வாரத்துக்கு ஒரு நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு. படிப்பை நிறுத்திப் பனியனுக்கோ கம்பெனிக்கோ போய்விட்டால் அதுவும் நின்றுவிடும். 2018-ல் வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை என்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். 40 வயதில் கர்ப்பப்பைக் கட்டியோடு வருஷக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது, நல்ல திட்டம். அதோடு "எத்தனை நாள் போகுது, எத்தனை துணி மாத்தறீங்க" என்று ஒரு கேள்வி கேட்க என்ன செலவாகப்போகிறது?

பர்கூர்_பையன்

மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுகிறார்களா சிஸ்டர்? எங்கள் தெருவில் குப்பையில் கிடக்கிறது. ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி கொடுத்தபோது 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்தார்கள். அந்த அரிசியில் இரும்பு இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டர் கேட்கவில்லை என்கிறீர்கள்.

கிராமத்து_சிஸ்டர்

ஏன் எறிகிறார்கள் என்று கேட்டீர்களா தம்பி? மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொன்னால் எறிய மாட்டார்கள். சொல்வதில்லை. கூட்டம் அப்படி.

அரிசியும் அப்படித்தான். செறிவூட்டிய அரிசி என்றால் ஒரு கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். 200 கிராம் சாப்பிட்டால் 6, 8 மில்லிகிராம் வரும். நல்லதுதான். மாதம் எட்டு நாள் போகிறவருக்கு அது எந்த மூலைக்கு?

மொரப்பூர்_மெயில்

யாரும் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடைப் பற்றிப் பேசவில்லையே? நம் இரண்டு மாவட்டத்துக்கும் அதுதான் பெரிய சாபம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே பல்லும் எலும்பும் போனதால் வந்தது. ஃப்ளோரைடு குடலின் உட்சுவரைக் கெடுத்து இரும்பு சேரவிடாமல் செய்யும் என்று படித்திருக்கிறேன்.

ஓ.பி.சீட்டு

அப்படிச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. இன்னும் போர் தண்ணீரையே குடிக்கிற ஊர்களில் மாத்திரை கொடுத்தும் எச்பி ஏறாவிட்டால் நானும் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிட்டால் மாதவிடாயைக் கேட்கிற வேலை மறுபடி தள்ளிப்போகும்.

தொப்பூர் அம்மா, கேட்பது யார் வேலை என்றீர்கள். எங்கள் வேலைதான், மறுக்கவில்லை. கதவும் மூடியிருக்க வேண்டும். ஆனால் அது மாறும் வரைக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த தடவை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எத்தனை நாள் போகிறது, கனமான நாளில் எத்தனை நாப்கின், ஒரு மணி நேரத்தில் ஒன்று நனைகிறதா, ராத்திரி எழுந்து மாற்றுகிறீர்களா, கட்டி எவ்வளவு பெரிது, அரிசி தின்பது எப்போதிலிருந்து, கால் உதறல், குடிக்கிற டீ. பழைய சி.பி.சி. இருந்தால் அதையும் வையுங்கள். முன்பு 13.8 இருந்தவருக்கு இப்போது 12.1 என்றால் அது இறக்கம், அந்த வரியை மட்டும் பார்த்தால் 'நார்மல்'. எழுதியதைப் படிக்காமல் ஒதுக்குவது டாக்டருக்கும் கஷ்டம். "டெஸ்ட் எழுதுங்கள்" என்று கேட்பதைவிட "ஏன் குறைந்தது சார்" என்று கேளுங்கள். மாத்திரை எழுதிவிட்டால் அதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் மகளிர் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் பார்ப்பது அவசியம். தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம்.

பர்கூர்_பையன்

இது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எல்லாப் பெண்களுக்கும் ஃபெரிட்டின் எடுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

தொப்பூர்க்காரி

எல்லாருக்கும் எடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? அரிசி தின்கிறேன் என்று சொன்னவளுக்கு எடுத்திருக்கலாம். எம்.சி.வி. 77 என்று சீட்டில் வந்த பிறகாவது எடுத்திருக்கலாம். அந்த ஒரு நாள் சம்பளத்தை நான்தான் கொடுத்தேன், டாக்டர் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, இப்போது ஒரு சந்தேகம். மாத்திரையைக் காலையில் கூழோடு போட்டால் குமட்டல் குறையுமா?

ஓ.பி.சீட்டு

கூழோடு வேண்டாம், மோரோடும் வேண்டாம். டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி, வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு. குமட்டல் தாங்கவில்லை என்றால் நாள் விட்டு நாள் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, மறுநாள் இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஒருநாள் விட்டுப் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாகச் சேர்கிறது என்று 2017-ல் சுவிட்சர்லாந்தில் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. அசதி குறைந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது ஆகும்.

லேப்_அண்ணன்

மறுபடி ஃபெரிட்டின் எடுக்க வரும்போது காய்ச்சல், சளி எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து வாங்க அக்கா. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அதை வைத்து "இப்ப சரியாயிடுச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். பர்கூர் தம்பி, உங்கள் வீட்டுப் பெண்களின் பழைய சி.பி.சி. சீட்டு இருந்தால் அனுப்புங்கள். எம்.சி.வி. வரியை நான் காசில்லாமல் பார்த்துச் சொல்கிறேன்.

பர்கூர்_பையன்

அம்மாவுடையது இருக்கிறது. தேடி எடுத்து அனுப்புகிறேன்.